300 டிகிரியில் ஒரு மூக்கு

பொறியியல் மாணவர்கள் புராஜெக்ட்டுக்கு வாங்கும் எம்.கியூ-135 சென்சாருக்கு மின்சாரம் கொடுத்து, சில நிமிடம் கழித்துத் தொட்டால் சுடும். ஷார்ட் ஆகிவிட்டதோ என்று வயரைப் பிடுங்குகிறவர்கள் உண்டு. அது சூடாகத்தான் இருக்க வேண்டும். உள்ளே ஒரு சின்னப் பீங்கான் குழாய், அதற்குள் ஹீட்டர் கம்பி, குழாயின் மேல் பூசிய வெள்ளீய ஆக்சைடு. மூடிக்குப் பதிலாக எஃகு வலை. எரியும் வாயுவைத் தேடப்போன கருவியே வீட்டைக் கொளுத்திவிடக் கூடாது அல்லவா? நெருக்கமான வலைக்கண்ணில் சுடர் தன் சூட்டை இழந்து அங்கேயே அணைந்துவிடும். 1815-இல் ஹம்ஃப்ரி டேவி சுரங்க விளக்குக்காகச் செய்த உபாயம்தான் இது.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்களே, அந்த வெள்ளீயம் ஆக்சிஜனோடு சேர்ந்ததுதான் இந்தப் பூச்சு. வெள்ளீயத்தின் தாதுவே மண்ணுக்கடியில் இந்த வடிவில்தான் கிடைக்கிறது. இதன் படிகத்தில் ஒரு குறை உண்டு: ஆங்காங்கே ஓர் ஆக்சிஜன் அணு விடுபட்டிருக்கும். அந்த இடத்தில் மிச்சமாகும் எலக்ட்ரான்கள் ஓரளவு சுதந்திரமாக நடமாடும். வெள்ளீய ஆக்சைடு குறைக்கடத்தியானது இந்தக் குறையால்தான்.

இனிக் காற்றுக்கு வருவோம். சூடான பூச்சின் மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொண்டு, ஆளுக்கொரு எலக்ட்ரானைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. துகளுக்கும் துகளுக்கும் இடைப்பட்ட எல்லையில் எலக்ட்ரான் வற்றிப்போகிறது, மின்தடை ஏறுகிறது. அந்த நேரம் பார்த்து சானிடைசரிலிருந்து எத்தனால் ஆவி வந்தால், ஒட்டியிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து சுடரில்லாமல் எரிந்துவிடும். கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் கிளம்பிப் போக, பிடிபட்டிருந்த எலக்ட்ரான்கள் படிகத்துக்குத் திரும்புகின்றன. ஓர் எத்தனால் மூலக்கூறு முழுதாக எரிய ஆறு ஆக்சிஜன் அயனிகள் வேண்டும். ஆறு எலக்ட்ரான்கள் விடுதலை. மின்தடை சரிகிறது. ஆக, சென்சார் கணக்கு வைப்பது மேற்பரப்பில் செலவான ஆக்சிஜனுக்கு மட்டும்தான். எரிந்தது எது என்று அதற்குத் தெரியாது.

சூடு எதற்கு? அறைச் சூட்டில் ஆக்சிஜன் இரட்டை அணுவாகச் சோம்பிக் கிடக்கும். 200 முதல் 400 டிகிரிக்குள்தான் ஒற்றை அணுவாகப் பிரிந்து வேலைக்கு இறங்கும். துகளின் அளவும் முக்கியம். எலக்ட்ரான் வற்றும் அடுக்கின் தடிமன் சுமார் 3 நானோமீட்டர். துகள் 6 நானோமீட்டருக்குக் கீழே போனால் இரு பக்கத்து அடுக்குகளும் நடுவில் சேர்ந்து துகள் முழுதுமே வற்றிவிடும். கொஞ்சம் ஆவி பட்டாலும் மின்தடை பெரிதாக மாறும். 1991-இல் இதைச் சோதித்துக் காட்டியது ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் நொபொரு யமசோயேயின் குழு.

ஜப்பானில் இது தற்செயலாக நடந்ததல்ல. 1962-இல் அதே பல்கலைக்கழகத்தில் செய்யாமா துத்தநாக ஆக்சைடு படலத்தால் வாயுவைக் கண்டறிந்தார். அதே ஆண்டு நவொயொஷி தகுச்சி வெள்ளீய ஆக்சைடு சென்சாருக்குக் காப்புரிமை கோரினார். எல்.பி.ஜி. வீடுகளுக்குள் நுழைந்து, கசிந்து வெடித்த காலம் அது. 1968-இல் தகுச்சியின் சென்சார் பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கியது.

1990-களில் அதே நாட்டு வீடுகளுக்கு வேறு பிரச்சினை வந்தது. காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டிய புது வீடுகளில் கண்ணெரிச்சல், தலைவலி. பிளைவுட் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு முக்கியக் குற்றவாளி. 1997-இல் அரசு வைத்த வரம்பு, பத்து லட்சத்தில் 0.08 பங்கு. எல்.பி.ஜி. வெடிக்கக் காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே இரண்டரை லட்சம் மடங்கு. வெடிப்பைத் தடுக்கப் பிறந்த பொருளிடம் இத்தனை நுணுக்கத்தைக் கேட்டபோதுதான், எரிந்தது எதுவென்று தெரியாத அதன் குணம் பெரிய தொந்தரவானது.

பெயின்ட், தாளிப்பு, அத்தர், ஊதுபத்தி எல்லாம் அதற்கு ஒரே விறகு. இதனால் இன்றைய சில சிப்புகள் அளவைச் சொல்லாமல் குறியீட்டெண் மட்டும் சொல்கின்றன: கடந்த 24 மணி நேரச் சராசரியை 100 என்று வைத்து, அதற்கு மேலா கீழா என்று காட்டும். நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் வாரக்கணக்கில் பெயின்ட் வாடை அடிக்கும் அறையில் அதுவும் பழகிப்போய் 100-ஐ ஒட்டியே நிற்கும். சில மலிவுக் கருவிகள் இதே சென்சாரை வைத்து 'கார்பன் டை ஆக்சைடு' அளவைக் காட்டுகின்றன. அதை ஏமாற்று என்றுதான் சொல்வேன். கார்பன் டை ஆக்சைடு எரிந்து முடிந்த பொருள், அதில் மேலும் எரிய ஒன்றுமில்லை. ஆவி கூடினால் ஆட்கள் கூடியிருப்பார்கள் என்று ஊகித்து எண் போடுகிறார்கள். பக்கத்தில் சானிடைசர் பாட்டிலைத் திறந்தால் எண் எங்கோ ஏறும். உண்மையான அளவுக்கு அகச்சிவப்புக் கதிரை வைத்து அளக்கும் கருவி வேண்டும்.

இன்னொரு எதிரி சிலிக்கோன். ஹேர் சீரத்திலும் ஜன்னல் சந்தில் அடைக்கும் சீலன்டிலும் இருக்கிறது. மற்ற ஆவிகள் எரிந்தால் வாயுவாகப் பறந்துவிடும். சிலிக்கோன் எரிந்தால் மிஞ்சுவது சிலிக்கா, அதாவது மணலின் சரக்கு. அது பூச்சின் மேல் படிந்து துளைகளை அடைத்துவிட்டால் சென்சாரின் திறன் மீளாது.

எரிந்தது எந்த ஆவி என்று அடையாளம் காண ஒரு வழி, பூச்சின் சூட்டை மாற்றி மாற்றி அளப்பது. ஒவ்வோர் ஆவியும் ஒவ்வொரு சூட்டில் நன்றாக எரியும். சூரிக் நகரின் இ.டி.எச். ஆய்வாளர்கள் 2019-இல் வேறு வழியைக் காட்டினார்கள். பல்லேடியம் கலந்த வெள்ளீய ஆக்சைடு சென்சாருக்கு முன்னால், நுண்துளைப் பாலிமர் தூள் அடைத்த ஒரு குட்டிக் குழாய். மெத்தனாலும் எத்தனாலும் கலந்த ஆவியை அதற்குள் இழுத்தால் மெத்தனால் இரண்டு நிமிடத்துக்குள் வெளியே வந்துவிடும். எத்தனால் தூளில் ஒட்டி ஒட்டிப் பல நிமிடம் பிந்தும். இரண்டையும் பிரித்தறிவது உயிர் விஷயம்: 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம். கையடக்கமான இந்தக் கருவியில் முதல் இரண்டு நிமிடத்துக்குள் மின்தடை சரிந்தால் மெத்தனால் இருக்கிறது என்று பொருள்.