பாட்டோடு கலக்கும் இரைச்சல்

இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் காரை ஓட்டிக்கொண்டு போகையில், வித்வான் ஒருவர் ஆலாபனையின் ஆரம்பத்தில் ஒரு ஸ்வரத்தில் நின்று அடுத்ததற்குச் செல்லுமுன் விடுகிற அந்தச் சிறு மௌனத்துக்குள், சம்பந்தமே இல்லாத மெல்லிய ஊளைச் சத்தமொன்று புகுந்து, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க மேலேறி, காலை எடுத்ததும் கீழிறங்குமானால், சங்கீதத்தில் மனம் தோய்ந்து கேட்பவருக்கு அதைவிட வேதனை வேறில்லை. மௌனமும் சங்கீதத்தின் ஒரு பாகமாகையால், அதில் கறை படிவதை அற்ப விஷயமென்று ஒதுக்க எனக்குச் சம்மதமில்லை. இத்தகைய சமயத்தில் பெரும்பாலோர் புதிய ஸ்பீக்கர் வாங்கப் புறப்படுகிறார்கள். அல்லது யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு ஃபில்டரைப் பூட்டுகிறார்கள். அந்த இரைச்சல் எதனால் மாறுகிறது, எதனால் மாறாமலிருக்கிறது என்று செவியைக் கொண்டே முதலில் விசாரித்துவிட்டால் செலவில் பெரும்பகுதி மிஞ்சும் என்பதும், அந்த விசாரணை பல சமயங்களில் காரின் தகட்டில் எர்த் வயரைப் பூட்டிய இடத்திலேயே போய் முடியும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

இந்தத் தொல்லை கார் ரேடியோவுடன் கூடவே பிறந்தது. 1930-ஆம் ஆண்டில், சிகாகோவில் சிறிய கம்பெனியொன்றை நடத்தி வந்த பால் கால்வின், தம் ஸ்டூட்பேக்கர் காரில் ஒரு ரேடியோவைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் கூடிய ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டுக்கு அதை ஓட்டிச் சென்று காட்டினார். மோட்டரோலா என்ற பெயர் அந்த ரேடியோவுக்கு இடப்பட்டதே. வில்லியம் லியரும் எல்மர் வேவரிங்கும் அந்த முயற்சியில் பெரும்பாடு பட்டவர்கள். பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கில் தெறிக்கும் ஒவ்வொரு பொறியும் தன்னளவில் ஒரு சிறு வானொலி நிலையம் ஆகையாலும், ஆரம்பகாலக் கம்பியில்லாத் தந்தி யந்திரங்களே பொறியைக் கொண்டுதான் செய்தி அனுப்பி வந்தன ஆகையாலும், ஓடும் காருக்குள் ரேடியோ கேட்பதென்பது பேரிரைச்சலின் நடுவே நின்று ஒரு குரலைப் பொறுக்கியெடுக்கும் காரியமாக இருந்தது. பிளக்குகளில் ரெசிஸ்டரும் டைனமோவில் கண்டென்சரும் வைத்து அதை ஒருவாறு அடக்கினார்கள். பிற்காலத்தில் டைனமோவின் இடத்துக்கு ஆல்டர்னேட்டர் வருவதற்கு முன்னின்று உழைத்தவர்களில் அதே வேவரிங்கும் ஒருவர். இன்று நம் செவியில் விழும் ஊளைக்கு மூலஸ்தானம் அந்த ஆல்டர்னேட்டர்தான்.

அது பிறக்கும் விதம் கவனிக்கத்தக்கது. ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்வது மூன்று கட்ட மாறு மின்சாரம். ஆறு டயோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. ஆனால் திருப்பப்பட்ட மின்சாரம் முற்றிலும் சமதளமாக அமையாமல், அடுத்தடுத்து மேடுகள் கொண்டதாகவே வருகிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு 800 சுற்றுச் சுற்றும்போது, அதைப் போல இரண்டரை மடங்கு வேகத்தில், 12 துருவங்களுடன் ஆல்டர்னேட்டர் சுழல்வதாக வைத்துக்கொண்டால், வினாடிக்கு 1,200 மேடுகள் உண்டாகும். எஞ்சின் 2,400 சுற்றுக்கு ஏறினால் 3,600. சுருதி ஏறுவதன் ரகசியம் இதுவே. ஆரோக்கியமான பேட்டரி இந்த மேடுகளைப் பெரிதும் விழுங்கிவிடும். எஞ்சின் ஓடுகையில் பேட்டரியின் முனைகளில் மீட்டரை வைத்து மாறு மின்னழுத்தத்தை அளக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுமானால், டயோடு ஒன்று பழுதாகியிருக்கலாமென்று சந்தேகிக்க வேண்டும். அப்போது ஆடியோ கடைக்குப் போவதில் பிரயோஜனமில்லை, எலெக்ட்ரீஷியனிடம்தான் போக வேண்டும்.

மேடுகள் சாதாரண அளவில் இருந்தும் ஊளை கேட்குமானால், குற்றம் பெரும்பாலும் எர்த்தைச் சேர்ந்தது. காரின் உடல் முழுவதும் மின்சாரம் திரும்பி வரும் பாதையாகப் பயன்படுகிறது. பல ஆம்பியர் ஓடும் அந்த இரும்பில், டாஷ்போர்டின் கீழுள்ள ஓரிடத்துக்கும் டிக்கியிலுள்ள ஓரிடத்துக்கும் சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருப்பது சகஜம். ரேடியோ செட் முன்னேயும் ஆம்ப்ளிஃபயர் பின்னேயும் தனித்தனியே எர்த் ஆகியிருக்க, இரண்டையும் பாட்டைக் கொண்டு செல்லும் ஆர்.சி.ஏ. கேபிளின் மேலுறை இணைக்கும்போது, இரண்டு மடையும் திறந்த வயலில் தண்ணீர் தனக்கிஷ்டமான வழியில் பாய்வதுபோல, திரும்பு மின்சாரத்தில் ஒரு பங்கு அந்த மெல்லிய உறை வழியாகவும் பாய்கிறது. பாட்டுக்கென்று அமைந்த பாதையில் மேடுகள் ஏறிக்கொள்கின்றன. ஆம்ப்ளிஃபயர் பேதம் பாராமல் இரண்டையும் பெருக்குகிறது.

ஆகவே விசாரணையை இப்படி நடத்துவது உத்தமம். வால்யூமை முற்றிலும் குறைத்த பிறகும் இரைச்சல் அதே அளவில் இருந்தால், அது வால்யூம் கட்டுப்பாட்டைத் தாண்டிய பிறகு புகுந்தது. வால்யூமோடு கூடிக் குறைந்தால், அதற்கு முன்பே புகுந்தது. முன்பே புகுந்ததென்றால், போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிப் பாருங்கள்; சார்ஜரும் ஆக்ஸ் வயரும் சேர்ந்து போடும் வளையமே காரணமாக இருந்தால் சத்தம் அக்கணமே நின்றுவிடும். பின்பு புகுந்ததென்றால், செட்டை அணைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரில் ஆர்.சி.ஏ. பின்னைக் கழற்றி, அந்த வாயில் உள்முனையையும் வெளியுறையையும் இணைக்கும் பிளக் ஒன்றைச் செருகி, செட்டை மறுபடி போட்டுப் பரீட்சிக்க வேண்டும். அப்போதும் ஊளை இருந்தால் குற்றம் ஆம்ப்ளிஃபயரிலோ அதன் எர்த்திலோ இருக்கிறது. போய்விட்டால் கேபிளிலோ செட்டிலோ இருக்கிறது.

சிகிச்சையில் புதுமை ஒன்றுமில்லை, சிரத்தைதான் வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் எர்த் வயரைப் பவர் வயரின் கனத்துக்குக் குறையாததாகவும் இயன்றவரை நீளம் குறைந்ததாகவும் எடுத்து, பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிந்த இடத்தில் இறுகப் பூட்ட வேண்டும். பெயின்ட்டின் மேலேயே ஒரு திருகைப் போட்டு முடித்துவிடும் அவசர வேலையை என்னால் மன்னிக்க முடியவில்லை. கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் துரு விரைவில் ஏறுமாதலால், பூட்டிய இடத்தின் மேல் கிரீஸ் தடவுவதும் நன்று. பவர் வயர் ஒரு பக்கமாகவும் ஆர்.சி.ஏ. மறுபக்கமாகவும் செல்லட்டும். ஆம்ப்ளிஃபயரின் கெயினை அவசியத்துக்கு மேல் திறக்க வேண்டாம். போன் வளையத்துக்கு வைக்கும் ஐசொலேட்டர் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மரே. மட்டமானதாக இருந்தால் மிருதங்கத்தின் தொப்பிச் சப்தத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பதால் அதைக் கடைசி உபாயமாக வைத்துக்கொள்வதே நல்லது.

ஊளையாக இல்லாமல் டக்டக்கென்று வந்து எஞ்சின் வேகத்தோடு கூடினால் அது பிளக்கின் வேலை. நான்கு சிலிண்டர் எஞ்சினில் 800 சுற்றில் வினாடிக்குச் சுமார் 27 பொறிகள். ரெசிஸ்டர் உள்ள பிளக்கைக் கழற்றி இல்லாததைப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ரேடியோவில் மட்டும் கேட்டால் ஆன்டெனாவின் அடிப்பாகத்துத் துருவைச் சோதிக்கலாம். சில ஸ்வரங்களுக்கு மட்டும் அதிர்ந்து எழும் கரகரப்பு மின்சாரத்தைச் சேர்ந்ததே அல்ல. கதவின் பேனலை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க அது நின்றால், தளர்ந்த கிளிப்தான் காரணம்.

மின்சாரக் கார்களில் பொறியும் இல்லை, பிளக்கும் இல்லை. ஆயினும் மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டர் மின்சாரத்தை அதிவேகமாக வெட்டி வெட்டி அனுப்புவதால் மத்திய அலை வரிசையில் இரைச்சல் மிகுந்து, சில கம்பெனிகள் அந்த வரிசையையே ரேடியோவிலிருந்து நீக்கிவிட்டன. அத்தகைய காரில் ஆரஞ்சு நிறக் கேபிள் தென்படுகிற இடத்தில் நம் பரீட்சைகளை நிறுத்திக்கொண்டு, பயிற்சி பெற்றவர் கையில் வேலையை ஒப்படைத்துவிட வேண்டும். அதனுள் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட்.