பாண்டிய வாரிசுரிமைப் போர்

பாண்டிய வாரிசுரிமைப் போர் என்பது முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியனின் (ஆட்சித் தொடக்கம் 1268) மைந்தர்களான வீர பாண்டியனுக்கும் சுந்தர பாண்டியனுக்கும் இடையே மதுரை அரியணைக்காக நடைபெற்ற போராகும். இது 1310 அளவில் வெளிப்படையான போராக மாறியது. மாலிக் கபூரின் படையெடுப்பே பாண்டியப் பேரரசை வீழ்த்தியது என்று பொதுவாகக் கூறப்படுவதுண்டு. எனினும் அவர் நாட்டில் தங்கியது சில வாரங்களே. அதற்கு முன்பும் பின்பும் நீடித்த இவ்வுட்பூசலையே வீழ்ச்சிக்கு முதன்மைக் காரணமாகக் கொள்வது பொருத்தமாகும்.

பின்னணி

பாண்டிய நாட்டில் அரச குடும்பத்தினர் பலர் ஒரே காலத்தில் வெவ்வேறு பகுதிகளை ஆளும் வழக்கம் இருந்தது. அவர்களுள் ஒருவர் தலைமை அரசராகக் கருதப்பட்டார். ஒவ்வொருவரும் தத்தம் ஆட்சியாண்டைக் கொண்டே கல்வெட்டுப் பொறித்தனர் (பாண்டியர் காலவரிசை மாணவர்களைக் குழப்புவதற்கு இதுவே காரணம்). வீர பாண்டியனின் ஆட்சியாண்டு 1296-97 அளவிலும், சுந்தர பாண்டியனின் ஆட்சியாண்டு 1303 அளவிலும் தொடங்குகின்றன. அதாவது, தந்தை உயிருடன் இருந்தபோதே இருவரும் அரசர்கள். தந்தைக்குப் பின் தலைமை எவருக்கு என்பதே சிக்கலாயிற்று.

இவ்வமைப்பின் ஆபத்தை வெளிநாட்டார் முன்னரே கண்டிருந்தனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகம் பற்றி எழுதுமிடத்தில், உடன்பிறந்த அரசர்கள் ஐவர் போரிட முனையும்போதெல்லாம் அவர்களுடைய தாய் குறுக்கே நின்று, பாலூட்டிய மார்பை அறுத்துக்கொள்வதாகக் கூறித் தடுப்பாள் என்கிறார். அவள் இறந்தபின் அவர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வர் என்றும் அவர் எழுதினார். அவர் குறிப்பது முந்தைய தலைமுறையினரை. ஆனால் அழிவு அடுத்த தலைமுறையில் வந்தது.

போரின் போக்கு

பட்டத்தரசியின் மகனல்லாத வீர பாண்டியனைத் தந்தை வாரிசாக அறிவித்ததால் சினமுற்ற சுந்தர பாண்டியன் 1310இல் தந்தையைக் கொன்றான் என்றும், பின்னர் தோல்வியுற்றுத் தில்லியின் உதவியை நாடினான் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதியுள்ளார். தொலைவிலிருந்து எழுதியவராதலால் இதனை முழுமையாக ஏற்க ஆய்வாளர் பலர் தயங்குகின்றனர். தில்லி அரசவைப் புலவர் அமீர் குசுரோ படையெடுப்பை விரிவாக எழுதியும், இவ்வேண்டுகோளைக் குறிப்பிடவில்லை.

உடன்பிறந்தோர் பூசலைப் பயன்படுத்த முதலில் புறப்பட்டவர் போசள மன்னர் மூன்றாம் வல்லாளர். தில்லிப் படை தம் தலைநகரை நெருங்கியதால் அவர் பாதி வழியில் திரும்பினார். 1311 ஏப்ரலில் மாலிக் கபூர் மதுரையை அடைந்தபோது நகரம் வெறுமையாகக் கிடந்தது. கைப்பற்றப்பட்ட யானைகள் 512 என்கிறார் குசுரோ. 612 என்கிறார் பரணி. ஆயினும் இரு இளவரசர்களும் பிடிபடவில்லை, பகையும் தீரவில்லை.

இதே காலத்து ஐரோப்பாவிலும் இத்தகைய நிலை காணப்பட்டது. 1290இல் இசுக்கொட்லாந்தின் அரசுரிமைக்குப் பலர் போட்டியிட்டபோது, நடுவராக அழைக்கப்பட்ட இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு 1296இல் அந்நாட்டின் மீதே படையெடுத்தார்.

விளைவுகள்

வேணாட்டு மன்னர் இரவிவர்மன் குலசேகரன் வீர பாண்டியனை வென்று வேகவதிக் கரையில் முடிசூடியதாகக் காஞ்சிபுரம் அருளாளப் பெருமாள் கோயில் கல்வெட்டு கூறுகிறது. 1316இல் காக்கத்தியர் படைத்தலைவர் முப்பிடி நாயக்கர் காஞ்சியைக் கைப்பற்றினார். 1323இல் மதுரை தில்லியின் வசமாகி, பின்னர் தனிச் சுல்தானகமாயிற்று.

பாண்டியர் மரபு முற்றிலும் அற்றுவிடவில்லை. அது தெற்கே நகர்ந்து, இன்று குற்றாலம், இலத்தூர் முதலிய ஊர்கள் சூழ்ந்துள்ள தென்காசிப் பகுதியில் சிற்றரசாக நிலைத்தது. அங்கு 1422 முதல் ஆண்ட சடையவர்மன் பராக்கிரம பாண்டியன் 1446இல் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினான். மதுரை அவன் ஆட்சியில் இல்லை.