அமைதிக்கும் முறை வேண்டும்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அண்டை வீட்டார் முகம் திருப்பிக்கொள்ளும் காரணங்கள் பெரும்பாலும் மூன்றுக்குள் அடங்கிவிடும்: தண்ணீர், வண்டி நிறுத்துமிடம், சத்தம். தண்ணீர் திறக்க நேரம் உண்டு. வண்டி நிறுத்தத் தரையில் வரைந்த கோடு உண்டு. சத்தத்துக்கு மட்டும் எந்தக் கணக்கும் கிடையாது. இரவு பதினொரு மணிக்கு மேல்வீட்டில் நாற்காலி இழுபடுகிறது. கீழ்வீட்டில் ஒருவர் கூரையைப் பார்த்தபடி விழித்துக் கிடக்கிறார். இருவரில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், நாம் எந்தத் தளத்தில் குடியிருக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

இது பெருநகரங்களின் சிக்கல் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேரே நகர்ப்புறவாசிகள். தமிழ்நாட்டின் சராசரியோ 48. கிராமங்கள் மிகுந்த இந்த மாவட்டத்தின் தலைநகரிலும் இன்று அடுக்குமாடி வீடுகள் எழுகின்றன. பென்னாகரத்திலும் அரூரிலும் பாலக்கோட்டிலும் வாசலும் திண்ணையும் கொண்ட தனி வீடுகளில் வளர்ந்தவர்கள் இங்கே குடியேறுகிறார்கள். தனி வீட்டில் நம் சுவருக்கும் அடுத்தவர் சுவருக்கும் இடையே ஒரு சந்தாவது இருந்தது. அடுக்குமாடியில் ஒருவரது தரைதான் மற்றவரது கூரை. வீடு மாறிவிட்டது, பழக்கம் இன்னும் மாறவில்லை.

ஒலி நம்மை இரு வழிகளில் வந்தடைகிறது. பேச்சு, தொலைக்காட்சி, பாட்டு ஆகியவை காற்று வழியாக வருகின்றன; கதவையும் சன்னலையும் சாத்தினால் ஓரளவு குறையும். காலடி ஓசை, நாற்காலி இழுபடுவது, உரலில் இடிப்பது, சுவரில் துளையிடுவது ஆகியவை கட்டடத்தின் உடல் வழியாகவே பரவுகின்றன. கான்கிரீட் தளம் அப்போது முரசின் தோல்போல அதிர்கிறது. அடிப்பவரின் காதுக்கு அது சிறு ஓசை; அடியில் இருப்பவருக்கோ தலைமேல் விழும் இடி. ஆகவே, ‘நாங்கள் சத்தமே போடவில்லையே’ என்று மேல்வீட்டார் சொல்வது பல நேரங்களில் பொய்யல்ல. அதிர்வு தூண்களின் வழியே பயணம் செய்வதால், நேர்மேல் வீட்டிலிருந்து வருவதாக நாம் நினைக்கும் ஓசை பக்கத்து வரிசை வீட்டிலிருந்து வருவதும் உண்டு. கோபத்தோடு படியேறுவதற்கு முன் இதை நினைவில் கொள்வது நல்லது.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மத்திய அரசின் ஒலிமாசு (ஒழுங்குபடுத்துதல் மற்றும் கட்டுப்படுத்துதல்) விதிகள் 2000ஆம் ஆண்டில் வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அவ்விதிகளின் வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் அன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. 2010இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, தனியார் இடத்தில் இயங்கும் ஒலிக்கருவியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் அப்பகுதிக்குரிய வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் மிகக்கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவில் ஒலியெழுப்பும் கட்டுமானக் கருவிகளை இயக்கவும் தடை உண்டு. மாவட்ட ஆட்சியரிடமோ, காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத, அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ புகார் அளிக்கலாம்.

நீதிமன்றங்களும் இதில் தெளிவாகவே பேசியிருக்கின்றன. சென்னை மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கத்துக்கும் அங்கிருந்த ஒரு தேவாலயத்துக்கும் இடையே ஒலிபெருக்கி குறித்து எழுந்த வழக்கில் 2000 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறர் அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டும் என்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்பது அதன் சாரம். 2005 ஜூலையில் வழங்கிய மற்றொரு விரிவான தீர்ப்பில், அமைதியாக வாழ்வதை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது கூறு உறுதியளிக்கும் வாழ்வுரிமையோடு அதே நீதிமன்றம் இணைத்துப் பார்த்தது.

இவ்வளவு இருந்தும் கீழ்வீட்டுக்காரரின் தூக்கம் ஏன் திரும்பவில்லை? இந்த விதிகள் தெருவின் சத்தத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவை குறிப்பது ஒரு கால அளவின் சராசரி ஒலி. நள்ளிரவில் தலைமேல் நான்கு முறை ‘தொம்’ என்று கேட்டால் தூக்கம் போய்விடும். சராசரியோ வரம்புக்குள்ளேயே நிற்கும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 292ஆவது பிரிவின்படி பொதுத்தொல்லைக்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மட்டும் கேட்கும் ஓசையைப் ‘பொதுத்தொல்லை’ என்று மெய்ப்பிப்பது எளிதன்று. காவலர் வருவார், சொல்லிவிட்டுப் போவார். அதன் பிறகும் அதே படிக்கட்டில் அதே முகத்தைத்தான் ஆண்டுக்கணக்கில் பார்த்தாக வேண்டும்.

சட்டத்தின் கடிகாரத்திலும் ஒரு குறை இருக்கிறது. ஒசூர்த் தொழிற்சாலையில் இரவுப்பணி முடித்துக் காலையில் பேருந்தில் திரும்புகிறவருக்கும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரவு முழுவதும் நின்ற செவிலியருக்கும் பகல் பதினொரு மணிதான் நள்ளிரவு. சட்டத்துக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள முடிந்தவர்கள் அண்டை வீட்டார் மட்டுமே.

இந்த இடத்தில், பொருளியல் வகுப்பில் ஆண்டுதோறும் நான் எடுத்துச் சொன்ன ஒரு பழைய வழக்கைக் குறிப்பிட வேண்டும். லண்டனில் பிரிட்ஜ்மன் என்ற மிட்டாய் தயாரிப்பாளர் தம் சமையற்கூடத்தில் இரண்டு பெரிய உரல்களைப் பல்லாண்டுகளாக இயக்கிவந்தார். அவருக்குப் பின்புற வீட்டில் குடியேறிய ஸ்டர்ஜஸ் என்ற மருத்துவர், சில ஆண்டுகள் கழித்துத் தம் தோட்டத்தின் கோடியில், சமையற்கூடச் சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்க ஓர் அறை கட்டினார். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்க முடியாதபடி உரலின் அதிர்வு தொல்லை தந்தது. வழக்குத் தொடுத்தார். 1879இல் தீர்ப்பு மருத்துவருக்குச் சாதகமாக வந்தது.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரொனால்டு கோஸ், 1960இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்த வழக்கை எடுத்துக்கொண்டார். மிட்டாய்க்காரர் மருத்துவருக்குத் தீங்கு செய்கிறார் என்பது பாதி உண்மைதான். உரலை நிறுத்தினால் மருத்துவர் மிட்டாய்க்காரருக்குத் தீங்கு செய்தவர் ஆகிறார். தீங்கு இருபக்கமானது. ஆகவே ‘யார் குற்றவாளி?’ என்பதை விட்டுவிட்டு, ‘எந்த ஏற்பாட்டில் மொத்த இழப்பு குறையும்?’ என்று கேட்க வேண்டும் என்றார் அவர். யாருக்கு என்ன உரிமை என்பது தெளிவாக இருந்து, பேசித் தீர்க்கும் செலவும் குறைவாக இருந்தால், இருவரும் தாமே ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிடுவார்கள் என்பது அவர் கருத்து.

நம் அடுக்குமாடிகளில் இவ்விரண்டுமே இல்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சுவரில் துளையிடும் உரிமை எனக்கு உண்டா, இல்லையா? எங்கும் எழுதப்படவில்லை. பேசும் செலவோ மிக அதிகம். இங்கே செலவு என்பது பணமல்ல, தயக்கம். ‘சொன்னால் தவறாக நினைப்பார்களோ’ என்று மூன்று மாதம் பொறுத்து, நான்காவது மாதம் ஒருநாள் கதவைத் தட்டும்போது வெளிவருவது கோரிக்கையாக இருப்பதில்லை. சேர்த்துவைத்த கோபமாக இருக்கிறது. தொல்லை செய்தவருக்கோ அதுதான் முதல் செய்தி. அவர் திகைக்கிறார், பின்பு சினக்கிறார்.

இதற்கான விடையை லண்டனில் தேட வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமியான தருமபுரியின் கூட்டுக் கிணறுகளே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது நிலத்தைத் துண்டாக்கலாம். கிணற்றைத் துண்டாக்க முடியாது. எனவே முறை வைத்தார்கள். இன்று உனக்கு, நாளை எனக்கு; இத்தனை பங்கு, இத்தனை நாள் என்று பத்திரத்திலேயே எழுதினார்கள். பயிர் வாடும் நேரத்தில் முறையை மாற்றிக்கொள்வதும் உண்டு. முறை இருந்தவரை பேச்சும் இருந்தது. முறை குலைந்த கிணறுகளோ நீதிமன்றப் படியேறின.

அமைதியும் கூட்டுக் கிணறு போன்றதே. ஒருவர் அதிகம் இறைத்தால் மற்றவருக்குக் குறையும். வேலி போட்டு அவரவர் பங்கைப் பிரிக்கவும் முடியாது. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், பாசன நீர், மேய்ச்சல் நிலம், மீன்வளம் போன்ற பொதுவளங்களை மக்கள் தாமே எவ்வாறு காக்கிறார்கள் என்று உலகெங்கும் ஆராய்ந்தவர். நீடித்து நின்ற ஏற்பாடுகளில் அவர் கண்ட பொதுக்கூறுகளுள் மூன்று நமக்கு உடனே பயன்படும். விதிக்குக் கட்டுப்படுகிறவர்களே விதியை வகுக்க வேண்டும். சச்சரவைத் தீர்க்க அருகிலேயே, செலவில்லாத வழி வேண்டும். தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகவே உயர வேண்டும்.

இதற்கான களமும் இருக்கிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2022இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்துள்ளது. உரிமையாளர் சங்கமும் துணைவிதிகளும் அதன் அடிப்படை. பராமரிப்புக் கட்டணம், மின்தூக்கி, வண்டி நிறுத்துமிடம் ஆகியவை பற்றியெல்லாம் விதி எழுதும் சங்கங்கள் சத்தத்தைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதலாம்.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? துளையிடுதல், ஓடு வெட்டுதல் போன்ற மராமத்து வேலைகளுக்கு நாளும் நேரமும் குறித்து, முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் எழுதும் கடமை. கிரைண்டரும் துணி துவைக்கும் இயந்திரமும் ஓடும் நேரம்; அவற்றின் அடியிலும் நாற்காலிக் கால்களிலும் ரப்பர் பொருத்துவது. வீட்டு விசேஷத்துக்கு முந்திய நாள் மேலும் கீழும் உள்ள வீடுகளுக்கு ஒரு சொல். பகலில் உறங்க வேண்டியவர், தேர்வுக்குப் படிப்பவர், நோயாளி எந்தெந்த வீட்டில் இருக்கிறார் என்பதை விரும்பித் தெரிவிப்பவர்களுக்கு அதற்கான வழி. குறை எழுந்தால் முதலில் நேரில் பேச்சு. பிறகு இரு தரப்புக்கும் பொதுவான இரண்டு குடியிருப்போர் முன்னிலையில் பேச்சு. அதன் பிறகே எழுத்து. அதிலும் தீராவிட்டால், வழக்குக்கு முந்திய சமரசத்துக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். காவல் நிலையம் கடைசிப் படி. மிரட்டலும் வன்முறையும் இருந்தால் மட்டுமே அது முதற்படி.

எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். பச்சிளங்குழந்தையின் அழுகை, முதியவரின் இருமல், சாவு வீட்டின் ஒப்பாரி ஆகியவற்றுக்கு நேரம் குறிக்க முடியாது. இவை சத்தமல்ல, வாழ்க்கை.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. சத்தம் என்ற புகார் சில நேரங்களில் வேறொன்றின் முகமூடியாகிவிடுகிறது. வாடகைக்கு இருப்பவர், மணமாகாத இளைஞர்கள், வேற்றூரிலிருந்து வந்தவர், வேறு சாதியினர், விளையாடும் சிறுவர்கள் ஆகியோர்மீதே புகார்கள் குவிந்தால், அளக்கப்படுவது ஓசையா அல்லது ஆளா என்று சங்கம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். உரிமையாளர் சங்கத்தில் வாடகைதாரருக்கு வாக்கில்லை; ஆனால் விதியைச் சுமப்பவர்களில் அவரும் ஒருவர். சத்த விதிகளை வகுக்கும் கூட்டத்திலாவது அவருக்கு நாற்காலி போட வேண்டும். பெரும்பான்மையின் வசதிக்காக எழுதப்படும் முறை, முறையாகாது.

கட்டடம் கட்டுவோருக்கும் இதில் பங்குண்டு. அடுக்குமாடிகளில் பெருவாரியாக மக்கள் வாழும் தென்கொரியாவில் இடைத்தளத்தின் கனம் குறைந்தது 210 மில்லிமீட்டர், அதாவது எட்டு அங்குலத்துக்கும் மேல் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. நம்மூரில் பொதுவாக ஐந்து, ஆறு அங்குலமே. அங்கேயும் மாடி இரைச்சல் தீராத வழக்காக இருப்பதால், 2012இல் அதற்கென்றே அரசு ஒரு சமரச மையத்தைத் தொடங்கியது. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் அண்டை வீட்டுத் தகராறுகளுக்கென 2015இல் தனித் தீர்ப்பாயம் அமைந்தது. கான்கிரீட்டைத் தடிமனாக்குவது உதவும். ஆனால் அதுவும் பேச்சுக்கு மாற்றாகாது என்பதே அந்நாடுகள் தரும் பாடம்.

வீடு வாங்குகிறவர்கள் சதுர அடிக்கு விலை கேட்கிறார்கள், வாஸ்து கேட்கிறார்கள், தண்ணீர் கேட்கிறார்கள். தளத்தின் கனத்தையும், சங்கத்தின் சத்த விதியையும் கேட்பவர் அரிது. கேட்கத் தொடங்கினால் கட்டுவோரும் சங்கங்களும் விடை சொல்லித்தான் ஆக வேண்டும். ஏற்கெனவே குடியேறிவிட்டவர்கள் அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் ‘சத்தம்’ என்று ஒரு வரி சேர்க்கலாம். சண்டை வராத நாளில் பேசினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் பேச்சு அது. முறையைக் கோடை வருவதற்கு முன்பே வைக்க வேண்டும். கிணறு வற்றிய பிறகு வைக்கும் முறையால் பயன் இல்லை.