காந்தாரம் பாடகரிடம் இருக்கிறது

மூணாறு, பீர்மேடு பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டுகளில் மாரியம்மன் கோயில் திருவிழா என்றால் மலைக்குக் கீழேயிருந்து மெல்லிசைக் குழு வந்து பாடும். ஒரு பாடகர் இறங்கி அடுத்தவர் மைக்கைப் பிடிக்கும் சில நொடிகளில் கீபோர்டு வாசிப்பவரின் விரலைக் கவனிக்க வேண்டும். டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு மூன்று தடவை தட்டுவார். பக்கத்தில் கிடார்காரர் கேப்போவை ஒரு கட்டம் ஏற்றிப் பொருத்துவார். பாடப்போவது எல்லாருக்கும் தெரிந்த பழைய பாட்டுதான். தொண்டை மாறிவிட்டதால் மேடையில் இருக்கிற அத்தனை கைகளும் இடம் மாற வேண்டியிருக்கிறது.

இதே விஷயத்தைத்தான் ஹெவி மெட்டல் ரசிகர்கள் பல பத்தாண்டுகளாக விவாதித்து வருகிறார்கள். பிளாக் சப்பாத் குழு 1979-இல் பாடகர் ஆஸி ஆஸ்போர்னை அனுப்பாமல் இருந்திருந்தால்? பாடகர் புரூஸ் டிக்கின்சன் 1993-இல் அயர்ன் மெய்டனை விட்டுப் போகாமல் இருந்திருந்தால்? பேச்சு பெரும்பாலும் குடி, கோபம், பணம், ஒப்பந்தம் என்றே போகும். அவையும் காரணங்கள்தான். ஆனால் இந்தக் கேள்விக்கான விடையில் பாதி இயற்பியலில் இருக்கிறது என்பது என் எண்ணம். அதைப் புரிந்துகொள்ள, கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காது மிகவும் உதவும்.

மெட்டல் கிடாரின் உறுமல் எப்படி வருகிறது? ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் தள்ளினால் ஒலி அலையின் உச்சிகள் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில், யாரும் மீட்டாத புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. இரண்டு சுரங்களைச் சேர்த்து மீட்டினால் அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூட ஒலிக்கத் தொடங்கும். 110 ஹெர்ட்ஸில் ஒரு சட்ஜம், 165 ஹெர்ட்ஸில் அதன் பஞ்சமம் என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 55. அது சரியாகக் கீழ் ஸ்தாயி சட்ஜம். இரண்டு சுரம் மீட்டினால் மூன்றாவதாக ஒரு பெரிய சட்ஜம் தரைக்கடியிலிருந்து எழுந்து வந்து தாங்குகிறது. மெட்டலின் கனம் என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு இதுதான்.

இந்தச் சேர்க்கையில் காந்தாரத்தையும் சேர்த்தால் ஒலி கலங்கிவிடும். ஒரு அரைச்சுரத்தை நூறு கூறாகப் பிரித்தால், கிடாரின் பஞ்சமம் இயற்கையான இடத்திலிருந்து 2 கூறுதான் விலகியிருக்கிறது. அந்தர காந்தாரமோ ஏறத்தாழ 14 கூறு விலகி நிற்கிறது. சாதாரணமாக வாசிக்கும்போது காது அதைப் பொறுத்துக்கொள்ளும். டிஸ்டார்ஷன் போட்டதும் அந்தச் சிறு பிசகு கூட்டலிலும் கழித்தலிலும் பல மடங்காகிக் கரகரவென்று மோதும். அதனால் மெட்டல் கிடார்காரர்கள் காந்தாரத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ச, ப, மேல் ச. அதற்குப் பவர் கார்டு என்று பெயர்.

ச, ப, ச. தம்புராவும் இதைத்தானே சொல்கிறது! தம்புராவின் மந்தர சட்ஜத் தந்தியில் மெலிதாக ஒரு சுயம்பு காந்தாரம் கேட்கும் என்பார்கள். பவர் கார்டிலும் அது உண்டு. முன்சொன்ன 110-ஐயும் 165-ஐயும் கூட்டினால் 275. அது 220 ஹெர்ட்ஸ் சட்ஜத்தின் அந்தர காந்தாரம். இங்கிலாந்தின் ஆலை நகரத்தில் பிறந்த ஓர் இசையும் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்துத் தம்புராவும் ஒரே அடித்தளத்தில் நிற்கின்றன என்பது எனக்கு இன்னமும் புல்லரிப்பைத் தரும் செய்தி.

இனி பாடகருக்கு வருவோம். சட்ஜ பஞ்சமம் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தால் ராகம் எதுவென்று யாரும் சொல்ல முடியாது. மற்ற சுரங்கள் ஒன்றாகவே இருந்தாலும், சாதாரண காந்தாரம் வந்தால் கரகரப்பிரியா, அந்தர காந்தாரம் வந்தால் அரிகாம்போதி. பவர் கார்டின் மேல் வந்து உட்காரும் குரல்தான் பல இடங்களில் அதைத் தீர்மானிக்கிறது. பாட்டு சோகமா வீரமா என்பதே அந்த ஒற்றைச் சுரத்தில் திரும்பிவிடும்.

பிளாக் சப்பாத்தின் கிடார்காரர் டோனி அயோமி. இளவயதில் ஆலை விபத்தில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால், தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான். நுனிகளுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைத் தேடினார். 1971-இல் வந்த ஆல்பத்தில் சில பாட்டுகளுக்குத் தந்திகளை மூன்று அரைச்சுரம் தளர்த்தினார். அயோமியின் இருண்ட ஒலியின் மேல் ஆஸி பெரும்பாலும் கிடாரின் மெட்டையே ஒட்டிப் பாடினார். ‘அயர்ன் மேன்’ பாட்டில் குரலும் கிடாரும் ஒரே வரிசையில் நடப்பதைக் கேட்கலாம். காந்தாரம் எங்கே என்பதைக் கிடார்தான் முதலில் முடிவுசெய்கிறது. குரல் அதை வழிமொழிகிறது.

1980-இல் புதிய பாடகர் ரானி ஜேம்ஸ் டியோவோடு ‘ஹெவன் அண்ட் ஹெல்’ ஆல்பம் வருகிறது. டியோ கிடாரை ஒட்டிப் பாடவில்லை, அதற்குக் குறுக்கே பாடினார். கிடார் ஓரிடத்தில் நிற்க, குரல் மேலே தனி சஞ்சாரம் செய்கிறது. பாடகருக்கு இடம் விட வேண்டும் என்றால் கிடார் குறைவாகப் பேச வேண்டும். ஆகவே அயோமி கார்டுகளை நீட்டிப் போடத் தொடங்குகிறார். அதே கை, அதே விரல் தொப்பிகள், எழுதும் பாட்டு மட்டும் வேறு. 1970-இலேயே டியோ அங்கே இருந்திருந்தால் ‘அயர்ன் மேன்’ மாதிரி ஒரு பாட்டு உருவாகியிருக்காது என்று துணிந்து சொல்வேன்.

பாடகர் குழுவை மாற்றும் இன்னொரு வழி சத்தம். இதற்கு நல்ல உதாரணம் பாலக்காட்டிலேயே இருக்கிறது. கோட்டாயி அருகே செம்பை கிராமத்தில் பிறந்த வைத்தியநாத பாகவதர் கணீரென்ற குரலுக்குப் பெயர்போனவர். அவர் மேடையேறிய காலத்தில் கச்சேரிகளில் மைக் கிடையாது. ஆயிரம் பேர் கூடிய பந்தலில் கடைசி வரிசைக்கும் கேட்டாக வேண்டும். அத்தகைய பாடகர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த வயலின் பின்வரிசைக்குக் கேட்பதில்லை. செம்பைக்கு நிறைய வாசித்த மைசூர் டி. சௌடையா 1927 வாக்கில் வயலினில் கூடுதலாக மூன்று தந்திகளைச் சேர்த்து ஏழு தந்தி வயலினை உருவாக்கினார். கூடுதல் தந்திகள் மூலத் தந்திகளோடு சேர்ந்து ஒலித்ததால் நாதம் தடித்தது. பெருங்குரல்களுக்கு ஈடுகொடுக்கப் பிறந்த வாத்தியம் அது. பெங்களூரில் அவர் நினைவாக வயலின் வடிவத்திலேயே ஒரு அரங்கம் கட்டியிருக்கிறார்கள்.

ஒரு மனிதத் தொண்டை எப்படி இத்தனை வாத்தியங்களைத் தாண்டிக் கேட்கிறது? சுவீடனைச் சேர்ந்த யோஹான் சுண்ட்பெரி ஆப்பரா பாடகர்களை ஆராய்ந்து இதற்கு விடை சொன்னார். பயிற்சி பெற்ற ஆண் பாடகர்கள் குரல்வளைக்கு மேலுள்ள பாதையைச் சீரமைத்து, 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலியாற்றலைக் குவிக்கிறார்கள். ஆர்கெஸ்ட்ராவின் பலம் 500 ஹெர்ட்ஸ் அருகில் உச்சம் தொட்டு மேலே போகப் போக இறங்கிவிடும். நம் காதோ 3000, 4000 ஹெர்ட்ஸ் பகுதியில்தான் மிகக் கூர்மை. ஆக, குரல் காலியான இடம் பார்த்து நுழைகிறது. மெட்டலில் அந்த வசதி இல்லை. சிதைந்த கிடார் அந்த இடத்தையும் நிரப்பிவிடுகிறது. அதனால்தான் ஒலிப்பொறியாளர்கள் கிடாரில் அந்தப் பகுதியைக் கொஞ்சம் குறைத்துக் குரலுக்கு வழிவிடுகிறார்கள். சில பாடகர்கள் வேறு வழி கண்டார்கள். குரல் நாண்களுக்கு மேலே உள்ள போலி நாண்களையும் சேர்த்து அதிரவிட்டு, கிடாரைப் போலவே குரலையும் சிதைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது வழி சுருதி. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி அய்யர் (1912–1981) இளம் வயதிலேயே செம்பைக்கு வாசித்து வளர்ந்தவர். பெண்களுக்கு மிருதங்கம் வாசிப்பதில்லை என்று நெடுங்காலம் இருந்த அவர், பிற்காலத்தில் டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். ஆண் பாடகருக்குச் சுருதி ஒரு கட்டை என்றால் சட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். பெண் பாடகருக்கு ஐந்து கட்டை என்றால் 196. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் தோலை அந்த அளவுக்கு ஏற்ற வேண்டுமானால், அதிர்வெண் ஒன்றரை மடங்காவதற்கு இழுவிசை இரண்டேகால் மடங்காக வேண்டும். தாழ்ந்த சுருதிக்கான தக்கு சுருதி மிருதங்கத்தின் வாரை அவ்வளவு இழுத்தால் தோல் தாங்காது. எனவே குட்டையான, ஹெச்சு சுருதி மிருதங்கத்தை எடுத்தாக வேண்டும். இடப்பக்கமான தொப்பியின் கும்கி மாறும், சாப்பின் நாதம் மாறும், சொற்கட்டின் எடையே மாறும். கலைஞரின் கை ஒன்றுதான் என்றாலும் கேட்பவருக்கு வேறு வாசிப்பு. பாடகி நித்யஸ்ரீ மகாதேவன் மணி அய்யர், பட்டம்மாள் இருவருக்குமே பேத்தி என்பது இந்தக் கதைக்கு வாய்த்த அழகு.

சுருதியை அசைக்காமல் பாடகரை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதை அயர்ன் மெய்டன் காட்டியது. 1994-இல் சேர்ந்த பிளேஸ் பெய்லியின் குரல் டிக்கின்சனுடையதைவிடத் தாழ்ந்தது. குழு தந்திகளைத் தளர்த்தவில்லை. டிக்கின்சனுக்காக எழுதிய பழைய பாட்டுகளை அதே சுருதியில் இரவுக்கு இரவு பாட வேண்டியிருந்தது அவருக்கு. ரசிகர்கள் அவர்மேல் பழி போட்டார்கள். மெல்லிசைக் குழுவின் கீபோர்டுக்காரர் செய்யும் மரியாதையை அந்தப் பெரிய குழு அவருக்குச் செய்யவில்லை என்பதே என் வருத்தம். ஆனால் அவருடைய காலத்தில் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் எழுதிய ‘சைன் ஆஃப் த கிராஸ்’, ‘த கிளான்ஸ்மேன்’ இரண்டும் அந்தத் தாழ்ந்த, கனத்த குரலை மனத்தில் வைத்து மெதுவாக எழும்பும் பாட்டுகள். 1999-இல் டிக்கின்சன் திரும்பி வந்தார். 2001 ஜனவரியில் ரியோவில் அவர் அவற்றைப் பாடிய பதிவு இருக்கிறது. ஒரே பாட்டு, இரண்டு தொண்டை. பெய்லியிடம் பாரமாக இருந்த இடங்கள் டிக்கின்சனிடம் அறைகூவலாகின்றன. பெய்லி வராமல் இருந்திருந்தால் டிக்கின்சனுக்கு அந்தப் பாட்டுகளே கிடைத்திருக்காது.

பாடகர் விலகாமல் இருந்திருந்தால் என்ற கேள்வி கேரளத்திலும் உண்டு. கொச்சியில் 1996-இல் தொடங்கிய மதர்ஜேன் ராக் குழுவில் பைஜு தர்மஜனின் கிடார் கமகங்களும் சூரஜ் மணியின் குரலும் சேர்ந்து, 2008-இல் ‘மக்தூப்’ ஆல்பத்தைத் தந்தன. பின்னர் இருவரும் விலகினார்கள். குழு வேறு குரல்களோடு தொடர்ந்தது. ‘மக்தூப்’ போல இன்னொன்றை நான் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செம்பைக்கும் ஒரு கட்டத்தில் குரல் போனது. 1950-களின் தொடக்கத்தில், புகழின் உச்சியில் இருந்தபோது, மேடையிலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. சிகிச்சைக்கும் குருவாயூர் வழிபாட்டுக்கும் பிறகு குரல் மீண்டது. அதன்பின் 1974-இல் மறையும்வரை பாடினார், சொல்லிக்கொடுத்தார். அந்தக் கடைசி ஆண்டுகளில் அவரிடம் கற்றவர்களில் ஒருவர் கே.ஜே. யேசுதாஸ். அந்தத் தொண்டை திரும்பாமல் போயிருந்தால், எஸ்டேட் திருவிழா மேடைகளில் பாடகர்கள் இன்றைக்கும் எட்டிப்பிடிக்கப் பார்க்கும் அந்தக் குரலுக்கு வேறொரு குரு வாய்த்திருப்பார்.