தங்கமா, தண்ணீரா: எல் சால்வதோர் திருச்சபை சொன்ன பதில்

2017 மார்ச் 29ஆம் தேதி எல் சால்வதோர் நாடாளுமன்றம், தன் எல்லைக்குள் எந்த உலோகத்தையும் வெட்டி எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. ஆதரவாக 69 வாக்குகள் விழுந்தன. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. உலோகச் சுரங்கத் தொழிலை முழுமையாகத் தடைசெய்த முதல் நாடு அதுதான். அந்தச் சட்டத்தின் முன்வரைவு கத்தோலிக்கத் திருச்சபையின் வாசலிலிருந்து வந்தது. இயேசு சபையினர் நடத்தும் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகம் அதைத் தயாரித்தது. பங்குக் கோயில்களில் மக்கள் கையெழுத்திட்டார்கள். சான் சால்வதோர் பேராயர் ஹோசே லூயிஸ் எஸ்கோபார் அலாஸ் அதற்காக மக்களோடு நாடாளுமன்றத்துக்கே போனார். இதைச் சுற்றுச்சூழல் இயக்கத்தின் வெற்றி என்று எழுதியவர்களே அதிகம். அது பாதி உண்மை. தண்ணீரைக் கெடுப்பவன் அதைக் குடிக்கப்போகும் மனிதருக்கு எதிராகப் பாவம் செய்கிறான் என்பது கிறிஸ்தவ நம்பிக்கையின் பழைய போதனை. எல் சால்வதோர் திருச்சபை அந்தப் போதனையைப் பிரசங்க மேடையில் விட்டுவிடாமல் சட்டப் புத்தகம்வரை கொண்டுபோனது. அப்படிக் கொண்டுபோனது சரி, அதுதான் அந்த நம்பிக்கைக்கு உண்மையாக இருப்பது என்று நான் கருதுகிறேன்.

அந்த நாட்டின் நிலத்தைப் புரிந்துகொண்டால் இந்த விவகாரம் எளிதில் விளங்கும். ஏறத்தாழ 21,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். அமெரிக்கப் பெருநிலத்தில் இவ்வளவு நெருக்கமான நாடு வேறில்லை. பெரிய ஆறு ஒன்றே ஒன்று, லெம்பா. குவாத்தமாலாவில் பிறந்து, ஹோண்டுராஸைத் தொட்டு, எல் சால்வதோருக்குள் நுழைந்து பசிபிக் கடலில் சேர்கிறது. தலைநகரின் குடிநீரில் பெரும்பங்கும் நாட்டின் நீர்மின்சாரமும் அதிலிருந்துதான். தங்கம் இருப்பதோ இந்த ஆற்றுப் படுகையைச் சேர்ந்த வடக்கு மலைகளில். அங்கே கபானியாஸ் மாநிலத்தில் எல் தொராதோ என்ற இடத்தில் தோண்டுவதற்குக் கனடாவின் பசிபிக் ரிம் நிறுவனம் 2004இல் அனுமதி கேட்டது. வயலுக்கு நீர் பாய்ச்சும் ஊர்களில் பிறந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. தலைமடையில் ஒருவன் செய்வதைக் கடைமடையில் இருப்பவன் அனுபவிக்கிறான். அங்கே தலைமடையில் தங்கம், கடைமடையில் தலைநகரம்.

தங்கச் சுரங்கம் என்றதும் சயனைடுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். பாறையைப் பொடியாக்கி, நீர்த்த சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுக்கிறார்கள். ஒரு டன் பாறையில் சில கிராம் தங்கம் கிடைத்தாலே லாபம்தான். மீதி முழுவதும் சகதி. அதைக் கரைகட்டித் தேக்கி வைக்க வேண்டும். 2000 ஜனவரியில் ருமேனியாவின் பாயா மாரேயில் அப்படிப்பட்ட கரை ஒன்று உடைந்து, ஏறத்தாழ ஒரு லட்சம் கன மீட்டர் நச்சுநீர் ஆறுகளில் கலந்து தன்யூப் வரை போனது. ஆனாலும் சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துவிடும். அதைவிடக் கொடியது அமில வடிகால். பூமிக்குள் கிடந்த சல்பைடு தாதுக்கள் வெளியே வந்ததும் காற்றும் மழைநீரும் பட்டு, அவற்றிலிருந்து கந்தக அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் பாறையில் உள்ள ஆர்செனிக்கையும் காரீயத்தையும் காட்மியத்தையும் கரைத்து ஓடைக்கு இழுத்து வருகிறது. சுரங்கத்தை மூடிவிட்டுக் கம்பெனி ஊரைவிட்டுப் போன பிறகும் இது நிற்பதில்லை. ஸ்பெயினில் ரியோ தின்தோ என்ற ஆறு, ரோமானியர் காலத்துக்கு முன்பிருந்தே தோண்டப்பட்டு வந்த நிலத்தின் வழியாக இன்றும் சிவப்பாக, அமிலமாக ஓடுகிறது. எல் சால்வதோர் மக்களுக்கு இதற்கு வெளிநாட்டுச் சான்று வேண்டியதில்லை. கிழக்கே சாந்தா ரோசா தே லீமா அருகே கைவிடப்பட்ட பழைய சுரங்கத்தை ஒட்டிப் பாயும் சான் செபாஸ்தியான் ஆறு செம்மஞ்சள் நிறமானது. 2012இல் அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் அந்த நீரைச் சோதித்தபோது சயனைடு அனுமதித்த அளவைப்போல் ஒன்பது மடங்கும் இரும்பு ஆயிரம் மடங்குக்கு மேலும் இருந்தன.

இனி நம்பிக்கைக்கு வருவோம். எசேக்கியேல் நூலின் 34ஆம் அதிகாரத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல ஆயனைப் பற்றியதாக மட்டுமே கேட்டுப் பழகியிருக்கிறோம். அதே அதிகாரத்தின் நடுவில் கடவுள் கொழுத்த ஆடுகளை நிறுத்திக் கேள்வி கேட்கிறார்: தெளிந்த நீரை நீங்கள் குடித்தது போதாதா, மிஞ்சியதை ஏன் காலால் மிதித்துக் கலக்குகிறீர்கள், என் மற்ற ஆடுகள் அந்தக் கலங்கலையா குடிக்க வேண்டும் என்கிறார். தண்ணீர் மாசுபடுதல் பற்றி இதைவிட நேரான தீர்ப்பை எந்தப் பழைய நூலிலும் நான் பார்த்ததில்லை. குடித்தது அங்கே குற்றமில்லை. பின்னால் வருபவனை நினைக்காமல் கெடுத்ததுதான் குற்றம். தொடக்க நூலில் ஈசாக்கின் கிணறுகளைப் பகைவர்கள் மண்போட்டு மூடுகிறார்கள். அவர் பதிலுக்கு யாரோடும் சண்டையிடாமல் மறுபடி மறுபடி தோண்டுகிறார். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்புக்கான அளவுகோல்களில் ஒன்று, தாகமாயிருந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தாயா என்பது. கொடுக்காதவனுக்கே அந்தத் தீர்ப்பு என்றால், ஊருணியில் நஞ்சு கலப்பவனுக்கு என்ன தீர்ப்பு? 2015இல் வெளிவந்த ‘லவ்தாத்தோ சீ’ சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ், பாதுகாப்பான குடிநீர் உயிர்வாழ்வுக்கே அடிப்படை என்பதால் அது எல்லா மனிதருக்கும் உள்ள உரிமை என்று எழுதியபோது புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இந்த வசனங்களிலிருந்து வரும் முடிவு அது.

இதற்கு நல்ல மறுப்பு ஒன்று உண்டு. 1967இல் வரலாற்றாசிரியர் லின் வைட் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, இன்றைய சூழல் கேட்டுக்கு மேற்கத்தியக் கிறிஸ்தவமே பெரிய காரணம் என்று குற்றம்சாட்டியது. பூமியை ஆண்டு கீழ்ப்படுத்தச் சொன்ன தொடக்க நூலின் கட்டளைதான் மலையையும் காட்டையும் வெறும் சரக்காகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது என்பது அவர் வாதம். இதில் உண்மை இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தில் வெள்ளிக்கும் தங்கத்துக்கும் பூர்வகுடிகளைப் பலிகொடுத்தவர்கள் கையில் சிலுவையும் இருந்தது. அதை மழுப்பக் கூடாது. ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே மனிதன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வைக்கப்படுகிறான். முதல் கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை மறந்தவர்களின் வரலாற்றைத்தான் வைட் எழுதினார். அவரும் கட்டுரையின் முடிவில் மதத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அசிசி பிரான்சிசைச் சூழலியலாளர்களின் பாதுகாவலராக முன்மொழிந்தார். 1979இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அதை அதிகாரபூர்வமாகவே அறிவித்தார்.

மதகுருக்களுக்குச் சுரங்க விவகாரத்தில் என்ன வேலை, இது இடதுசாரி அரசியல்தானே என்ற கேள்வியும் எழுந்தது. எல் சால்வதோரில் அது சாதாரணக் கேள்வி அல்ல. பேராயர் ஆஸ்கர் ரொமெரோவை 1980இல் பலிபீடத்திலேயே சுட்டுக்கொன்ற நாடு அது. அந்தச் சட்ட முன்வரைவைத் தயாரித்த பல்கலைக்கழகத்தில்தான் 1989இல் ஆறு இயேசு சபைக் குருக்களை ராணுவம் கொன்றது. ஆனால் சுரங்கத்துக்கு எதிராக ஆயர்கள் கூட்டாக அறிக்கை விட்ட 2007இல் பேராயராக இருந்தவர் பெர்னாந்தோ சாயென்ஸ் லகாயே. அவர் ஓபுஸ் தேயி என்ற பழமைவாதக் கத்தோலிக்க அமைப்பைச் சேர்ந்தவர். அவரை இடதுசாரி என்று யாரும் சொல்லமாட்டார்கள். சுரங்க அனுமதியை நிறுத்திவைத்த அதிபர் அந்தோனியோ சாக்காவும் வலதுசாரிக் கட்சிக்காரர்தான். தண்ணீர் அங்கே கட்சி எல்லையைத் தாண்டியது. லுத்தரன் திருச்சபையும் உடன் நின்றது. அதற்கான விலை பெரிது: 2009இல் கபானியாஸில் சுரங்கத்தை எதிர்த்த உள்ளூர்க்காரர்கள் கொல்லப்பட்டார்கள், அவர்களில் ஒருவர் எட்டு மாதக் கர்ப்பிணி. அதே ஆண்டில் பசிபிக் ரிம் நிறுவனம் உலக வங்கியின் நடுவர் மன்றத்தில் வழக்குப் போட்டது. கேட்ட இழப்பீடு பின்னர் 25 கோடி டாலராக உயர்ந்தது. 2016 அக்டோபரில் வழக்குத் தள்ளுபடியாகி, நாட்டுக்கு 80 லட்சம் டாலர் செலவுத்தொகை தரும்படி நிறுவனத்துக்கு உத்தரவானது. அதற்கு ஐந்தே மாதத்தில் தடைச் சட்டம் வந்தது.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு வறுமை. ஏழை நாடு, காலுக்குக் கீழே தங்கம். வேண்டாம் என்று சொல்ல வயிறு நிறைந்தவனால்தான் முடியும் என்பார்கள். அதிபர் நயீப் புகேலே 2024 நவம்பரில் இந்த வாதத்தை நம்பிக்கையின் மொழியிலேயே வைத்தார்: கடவுள் நம் காலடியில் பெரும் புதையலை வைத்திருக்கிறார் என்றார். அந்த டிசம்பர் 23ஆம் தேதி நாடாளுமன்றம் தடையை நீக்கியது. இனி அரசின் கட்டுப்பாட்டில் மட்டுமே சுரங்கம், பாதரசத்துக்குத் தடை என்றது புதிய சட்டம். நவீன முறையில் சுத்தமாகத் தோண்ட முடியும் என்கிறார்கள். மேம்பட்ட முறைகள் உள்ளன என்பதை மறுக்கவில்லை. ஆனால் சுரங்கத்தை அரசு நடத்தினாலும் தனியார் நடத்தினாலும் சல்பைடு பாறையின் வேதியியலை மாற்ற முடியாது. அமிலத்தைத் தடுக்கும் பராமரிப்பு, தங்கம் தீர்ந்து பல தலைமுறை கழிந்தும் தொடர வேண்டும். அந்தச் செலவு தங்கத்தின் விலையில் சேராது, இன்னும் பிறக்காதவர்கள் தலையில் விழும். வேலை கிடைக்கும், சில ஆண்டுகளுக்கு. குடிநீர் கெட்டால் முதலில் பாதிக்கப்படுவதும் அதே ஏழைதான். பாட்டில் தண்ணீர் வாங்கக்கூடியவனுக்கு ஆறு கெட்டதே தெரியாது. புதையலைக் கடவுள் வைத்தார் என்றால் அதன்மேல் ஓடும் ஆற்றை வைத்தவரும் அவரே. இரண்டில் ஒன்று இல்லாமல் மனிதர் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார்கள். மற்றது இல்லாமல் ஒரு வாரம் வாழ முடியாது. அந்த டிசம்பரில் அதே பல்கலைக்கழகம் எடுத்த கருத்துக்கணிப்பில், நாடு சுரங்கத்துக்கு ஏற்றதல்ல என்று சொன்னவர்கள் பத்தில் ஏறக்குறைய ஆறு பேர். வேறு பல விஷயங்களில் புகேலேயைக் கொண்டாடும் மக்கள் இவர்கள்.

திருச்சபையை நோக்கி நீளும் கடைசி விரலுக்கு என்னிடம் எளிய பதில் இல்லை. லெம்பாவை இன்று அழுக்காக்குவது சுரங்கம் அல்ல. சுத்திகரிக்காத சாக்கடையும் வயல் மருந்துகளும் தொழிற்சாலைக் கழிவும்தான். தடை இருந்த ஏறத்தாழ ஏழே முக்கால் ஆண்டுகளில் ஆறு தெளிந்துவிடவில்லை. இது நியாயமான குற்றச்சாட்டு. ஏற்கெனவே நோயுற்ற ஆற்றுக்குப் புது நஞ்சு வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம் ஆகுமே தவிர, சுரங்கத்துக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. ஆனாலும் பெரிய கம்பெனியை எதிர்ப்பதைவிடத் தன் வீட்டுச் சாக்கடையைச் சரிசெய்வது கடினம். கிறிஸ்தவ நிறுவனங்கள் உலகெங்கும் பள்ளிகளையும் விடுதிகளையும் மருத்துவமனைகளையும் நடத்துகின்றன. அவற்றின் கழிவுநீர் எங்கே போகிறது என்ற கேள்விக்குப் பங்குப் பேரவையில் பதில் இல்லையென்றால், எசேக்கியேலின் கேள்வி முதலில் அவர்களுக்கே.

2025 மார்ச்சில் பேராயர் எஸ்கோபார் அலாஸ், தடையை மீண்டும் கொண்டுவரக் கோரி ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளை நாடாளுமன்றத்தில் கொடுத்தார். 2017இல் வென்ற வழியையே மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார், இம்முறை மிக வலுவான ஓர் அரசுக்கு எதிராக. அவர் செய்வது சரி. நம் ஊர்த் திருச்சபைகளில் இருக்கும் வாசகர்கள் அடுத்த பங்குக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுப்புங்கள்: நம் வளாகத்தின் கழிவுநீர் யாருடைய குடிநீரில் போய்ச் சேர்கிறது? பதில் கிடைக்கும்வரை அடுத்தடுத்த கூட்டங்களிலும் கேளுங்கள்.