படச்சட்டமும் துப்பாக்கியும்

கணிப்பொறித் திரையில் நாம் காணும் அசைவு, திரைப்படத்தைப் போன்றே, அடுத்தடுத்து வரும் அசையாப் படச்சட்டங்களால் ஆனது. நொடிக்கு எத்தனை சட்டங்கள் என்பது கண்ணின் இனிமையை மட்டும் பொறுத்ததன்று. சுடும் விளையாட்டுகளில் அது துப்பாக்கியின் வேகத்தையே மாற்றிவிடக்கூடும்.

எங்ஙனம்? 70 மில்லி நொடிக்கு ஒரு குண்டு என நிரலில் வகுத்திருப்பதாகக் கொள்வோம். நிமிடத்திற்கு ஏறத்தாழ 857 குண்டுகள். நிரலோ, சட்டத்திற்கு ஒருமுறை மட்டுமே 'நேரம் ஆயிற்றா?' என நோக்குகிறது. நொடிக்கு 60 சட்டம் எனில், நான்காம் சட்டத்தின் முடிவில் 66.7 மில்லி நொடிதான் கழிந்திருக்கும். ஆகவே ஐந்தாம் சட்டம் முடிய, 83.3 வரை, குண்டு காத்திருக்கும். 857 என்பது 720 ஆகிவிடுகிறது. 30 சட்டமே தரவல்ல பழைய கருவியில் 600தான். ஒரே துப்பாக்கி, எளியவன் கையில் மட்டும் தளர்கிறது! திறமையை அளக்கும் போட்டிக்கு இது முறையாகுமா?

1993இல் ஐடி சாப்ட்வேர் வெளியிட்ட 'டூம்' இவ்விடரில் சிக்கவில்லை. அதன் ஆட்டக் கணக்கு நொடிக்கு 35 முறை என நிலையாக வகுக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் 'குவேக் 3 அரீனா' (1999) வேறு வகை. அதில் நகர்வுக் கணக்கு சட்டத்தைச் சார்ந்திருந்தது. எண்களை முழுமையாக்குவதில் நேர்ந்த சிறு பிறழ்வால், 125 சட்டத்தில் ஆடுவோர் 60இல் ஆடுவோரினும் உயரத் தாவினர். தேர்ந்த ஆட்டக்காரர் 125ஐயே விரும்பியதில் வியப்பென்ன?

துப்பாக்கிக்குத் தீர்வு அரிதன்று. காத்திருப்பில் மிஞ்சிய 13.3 மில்லி நொடியை அடுத்த குண்டின் கணக்கில் வரவு வைத்தால் போதும். இடைவெளி நான்கு சட்டமும் ஐந்து சட்டமுமாக மாறி வரினும், சராசரி 70இலேயே நிற்கும்.