சீமா கண்காட்சி

சீமா கண்காட்சி என்பது ஐக்கிய அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள லாஸ் வேகஸ் நகரில், ஆண்டுதோறும் அக்டோபர் இறுதி அல்லது நவம்பர் தொடக்கத்தில் நடைபெறும் தானுந்துத் துறை வணிகக் கண்காட்சி ஆகும். தானுந்துகளின் தோற்றத்தையும் வேகத்தையும் மாற்றுவதற்கான உதிரிப்பாகங்களைச் செய்வோரும் வாங்கி விற்போரும் கூடும் சந்தை இது. சில்லு, அதிர்வு தாங்கி, வண்ணப்பூச்சு, இருக்கை, முழுப் பொறி என எல்லாம் இங்கு விலைபேசப்படுகின்றன. எனினும் இக்கண்காட்சிக்கு உலகப் புகழ் தேடித் தந்தவை, அப்பாகங்களைப் பூட்டி உருமாற்றிக் கொண்டுவரப்படும் தானுந்துகளும் சரக்குந்துகளுமே. வழமையாக வணிகத் துறையினர் மட்டுமே அனுமதிக்கப்படுவர். அண்மைய ஆண்டுகளில் இறுதி நாளான வெள்ளிக்கிழமை மட்டும் பொதுமக்களில் ஒரு பகுதியினரும் நுழைவுச்சீட்டு பெற்றுச் செல்லலாம்.

வரலாறு

இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் தென் கலிபோர்னியா இளைஞர்கள் பழைய ஃபோர்டு தானுந்துகளின் எடையைக் குறைத்து, பொறியின் திறனைக் கூட்டி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தனர். அவர்களுக்குப் பாகம் செய்து கொடுத்த சிறு பட்டறைகள் நாளடைவில் நிறுவனங்களாயின. அவை 1963இல் ஒன்றுகூடி 'வேகக் கருவி உற்பத்தியாளர் சங்கம்' என்ற அமைப்பை உருவாக்கின. நெம்புருள் தண்டுகள் செய்வதில் பெயர்பெற்ற எட் இசுக்கெண்டேரியன் அதன் முதல் தலைவர். 'வேகம்' என்ற சொல் பின்னர் சங்கத்தின் பெயரிலிருந்து நீக்கப்பட்டது. சீமா என்னும் முதலெழுத்துச் சுருக்கம் மட்டும் மாறவில்லை.

சங்கத்தின் தொடக்ககாலப் பணிகளில் முதன்மையானது பாதுகாப்பு. நேர்கோட்டுப் பந்தயங்களில் பொறிகள் அவற்றின் வடிவமைப்பு எல்லையைத் தாண்டிச் சுழன்றபோது, சமன்சக்கரமும் உரசிணைப்பியும் மையவிலக்கு விசையால் வெடித்துச் சிதறின. அத்துண்டுகள் தரைத்தகட்டைக் கிழித்து ஓட்டுநரின் கால்களைத் தாக்கக்கூடியவை. இதைத் தடுக்கும் எஃகு உறைகள், தலைக்கவசங்கள் போன்றவற்றுக்குச் சங்கம் தர அளவுகளை வகுத்தது. 1978இல் இப்பணி எஸ்.எஃப்.ஐ. என்ற தனி அமைப்பிடம் சென்றது. பந்தய உடைகளில் இன்றும் காணப்படும் எஸ்.எஃப்.ஐ. முத்திரை இவ்வாறு வந்ததே.

முதல் கண்காட்சி 1967இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் டாட்ஜர் விளையாட்டரங்கில், பார்வையாளர் மாடத்தின் அடியில் நடந்தது. பின்னர் அனகைம் நகருக்கும், 1977இல் லாஸ் வேகசுக்கும் மாறியது. 2020இல் கோவிட்-19 பெருந்தொற்றால் நேரடிக் கண்காட்சி நடைபெறவில்லை.

வண்டி எதற்காக?

மேசை மீது வைத்த அதிர்வு தாங்கி யாருடைய கண்ணிலும் படாது. அதே பொருளைப் பளபளக்கும் ஒரு வண்டியில் பூட்டினால் கூட்டம் கூடும். எனவே பாகம் செய்யும் நிறுவனங்கள் வண்டி அமைப்பாளர்களுக்குப் பாகங்களை இலவசமாகவோ குறைந்த விலையிலோ கொடுக்கின்றன. வண்டியின் அருகே நிற்கும் பலகையில் அந்நிறுவனங்களின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். சுருங்கக் கூறின், இவ்வண்டிகள் நான்கு சில்லுகள் பூட்டிய விளம்பரங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கண்காட்சித் தேதி மாறாது. வண்டி அமைப்போ எப்போதும் தாமதமாகும். கடைசி வாரங்களில் இரவு பகலாக உழைத்து முடிக்கப்படும் வண்டிகளில் சில, இயங்காத நிலையிலேயே அரங்கினுள் தள்ளிக்கொண்டு வரப்படுகின்றன. ஆகவே ஒரு வண்டி சிறந்ததா என அறிய, அதன் பூச்சைப் பார்ப்பதைவிட அது கண்காட்சிக்குப் பின் என்ன செய்தது எனப் பார்ப்பது நல்லது. இறுதி நாள் மாலையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே ஓடி வெளியேறும் ஊர்வலத்துக்கு மதிப்பு இருப்பதும் இதனால்தான்.

குறிப்பிடத்தக்க வண்டிகள்

இவ்வகையில் முதலில் கூறத்தக்கது, 2014இல் காட்டப்பட்ட 'ஹூனிகார்ன்'. கென் பிளாக் என்ற பந்தய ஓட்டுநருக்காக 1965ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்று 845 குதிரைத்திறனும் நான்கு சக்கர உந்துகையும் உடையதாக மாற்றப்பட்டது. மூல வண்டி பின்சக்கர உந்துகை உடையது என்பதால், உடற்கூட்டின் அடியில் இருந்த ஏறத்தாழ அனைத்தும் புதிதாகச் செய்யப்பட்டன. அது லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் புகை கக்கிச் சுழன்ற நிகழ்படம் பெரும் புகழ் பெற்றது. பின்னர் இரு டர்போக்கள் பொருத்தப்பட்டு, மெத்தனால் எரிபொருளில் 1,400 குதிரைத்திறனை எட்டியது. பிளாக் 2023 சனவரியில் பனி ஊர்தி விபத்தில் இறந்தார்.

டொயோட்டா நிறுவனம் 2016இல் கொண்டுவந்த லேண்ட் குரூசர் இன்னும் வியப்பானது. வெளித்தோற்றத்தில் குடும்ப ஊர்தி. உள்ளே இரு டர்போக்களுடன் ஏறத்தாழ 2,000 குதிரைத்திறன். உயரமான பெட்டி வடிவ வண்டி மிகு வேகத்தில் காற்றால் தூக்கப்பட்டு நிலை தடுமாறும். அதனால் வண்டியின் உயரம் வெகுவாகக் குறைக்கப்பட்டது. 2017இல் மொகாவி வான்தளத்தின் ஓடுபாதையில் கார்ல் எட்வர்ட்ஸ் இதை மணிக்கு 230 மைல் (சுமார் 370 கி.மீ.) வேகத்தில் ஓட்டினார்.

மின்சார வண்டிகள் 2018 முதல் கவனம் பெற்றன. அவ்வாண்டு ஐகான் பட்டறை 1949ஆம் ஆண்டு மெர்க்குரி தானுந்தின் துருப்பிடித்த உடலை மாற்றாமல், டெஸ்லா மின்கலத்தில் ஓடச் செய்தது. 2019இல் செவ்ரோலே தனது 1962ஆம் ஆண்டு சரக்குந்தில் இரு மின்னோடிகளைப் பொருத்தியது. பழைய எட்டு உருளைப் பொறியின் ஒலியை எழுப்ப ஒலிபெருக்கிகளும் வைத்தது. இதைக் கேலிக்கூத்து எனக் கருதுவோர் உண்டு. ஆனால் வாங்குவோரின் மனத்தடை எங்குள்ளது என்பதை அது சரியாகவே காட்டியது. வணிக நோக்கில் இவற்றினும் தெளிவானது 2021இல் வந்த 1978ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-100. அதிலிருந்த 281 குதிரைத்திறன் மின்னோடியை 2021இல் தனியே 3,900 டாலருக்கு யாரும் வாங்க முடிந்தது. மின்கலத்தை மட்டும் வேறிடத்தில் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது!

உயர்த்தப்பட்ட சரக்குந்துகள்

மிகு உயரத்துக்கு எழுப்பப்பட்ட சரக்குந்துகள் கண்காட்சியின் வெளிமுற்றத்தில் தவறாது காணப்படும். சில்லு பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி செல்லும் தொலைவு கூடும். எனவே வேகமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். தடைக்கு வேலை கூடும். எடைமையம் உயர்வதால் வளைவில் கவிழும் வாய்ப்பும் மிகும். தேர்ந்த அமைப்பாளர் பல்லிணை விகிதத்தையும் தடையையும் சேர்த்தே மாற்றுவார். அவ்வாறு செய்யாதவை படம்பிடிக்க மட்டுமே ஏற்றவை. முன்பக்கத்தை மட்டும் உயர்த்தும் பாணியில் ஓட்டுநருக்கு முன்சாலை மறைவதால், வட கரோலினா மாநிலம் அதை 2021இல் தடைசெய்தது.

சட்டச் சிக்கல்கள்

புகை வெளியேற்றத்தைப் பாதிக்கக்கூடிய பாகங்களைக் கலிபோர்னியாவில் தெரு வண்டிகளில் பூட்ட, மாநிலக் காற்றுவள வாரியத்தின் விலக்கு எண் தேவை. நடுவண் சுற்றுச்சூழல் முகமை 2015இல் முன்வைத்த ஒரு வரைவு விதி, தெரு வண்டியைப் பந்தய வண்டியாக மாற்றுவதையே தடுக்கும் எனச் சங்கம் எதிர்த்தது. அவ்வாசகம் 2016 ஏப்ரலில் கைவிடப்பட்டது. ஆயினும் புகைக் கட்டுப்பாட்டைச் செயலிழக்கச் செய்யும் கருவிகளை விற்ற நிறுவனங்கள் மீது முகமை அதன் பின்னரும் தண்டம் விதித்தது. அவ்வகைக் கருவிகளுக்கும் பந்தயப் பாகங்களுக்கும் இடையிலான எல்லை எது என்பதே இருதரப்பு வழக்கின் மையம்.